யாருடைய அவசரம்? செயற்கைக்கோள் அபாயக் கருவிகளும் இந்தியத் தந்திச் சட்டமும்: ஒரு சுருக்க வரலாறு

கோடை விடுமுறை நெருங்கும்போதெல்லாம், இமயமலைப் பகுதிகளுக்குக் களப்பணிக்குச் செல்லும் ஆய்வு மாணவர்களிடையே ஒரு வினா எழுகிறது. அலைபேசி எட்டாத பள்ளத்தாக்கில் ஆபத்து நேர்ந்தால் உதவி கேட்பதற்கு எந்தச் செயற்கைக்கோள் கருவியை வாங்கலாம் என்பதே அது. எடை, மின்கலத்தின் ஆயுள், விலை, மாதச் சந்தா ஆகியவற்றை ஒப்பிடும் பட்டியல்கள் இணையத்தில் ஏராளம். அவற்றுட் பெரும்பாலானவை அமெரிக்க, கனடிய மலையேறிகளுக்காக எழுதப்பட்டவை. ஆகவே அவற்றில் ஒரு கேள்வி இடம்பெறுவதில்லை: இக்கருவியைப் பையில் வைத்திருப்பதே குற்றமாகுமா? இந்தியாவில் அதுதான் முதற்கேள்வி. அதற்கான விடை பொறியியலில் இல்லை. சட்ட வரலாற்றில் இருக்கிறது. அவ்வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்வதே இப்பதிவின் நோக்கம்.

1. கடலில் பிறந்த விதிவிலக்கு

கம்பியில்லாத் தந்தி நடைமுறைக்கு வந்த தொடக்க ஆண்டுகளில் அது வணிகப் போட்டிக்குரிய களமாகவே இருந்தது. ஒரு நிறுவனத்தின் கருவியைக் கொண்ட கப்பல், மற்றொரு நிறுவனத்தின் நிலையத்தோடு பேச மறுக்கும் வழக்கமும் இருந்தது. 1906ஆம் ஆண்டு பெர்லினில் நிறைவேறிய பன்னாட்டு ஒப்பந்தம் இந்நிலையை மாற்றியது. ஆபத்திலிருக்கும் கப்பலின் அழைப்புக்கு எல்லா நிலையங்களும் முழு முன்னுரிமை அளிக்க வேண்டும் என்று அது விதித்தது. எஸ்.ஓ.எஸ். என்னும் குறியீடு பன்னாட்டு அளவில் ஏற்கப்பட்டதும் அங்கேதான். 1908 ஜூலை 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. 1912 ஏப்ரலில் டைட்டானிக் மூழ்கிய இரவில் பழைய சி.க்யூ.டி. குறியீட்டையும் புதிய எஸ்.ஓ.எஸ். குறியீட்டையும் அதன் தந்தியாளர்கள் மாறி மாறி அனுப்பினர் என்பது பலரும் அறிந்த செய்தி.

இங்கு உருவான கோட்பாடு முக்கியமானது. ஆபத்துக்குரல் எழும்போது ஏனைய விதிகள் விலகி நிற்கும். பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வானொலி ஒழுங்குமுறைகளிலும் இதே கருத்து இன்றுவரை தொடர்கிறது. ஆபத்திலிருக்கும் நிலையமொன்று, கவனத்தை ஈர்க்கத் தன்னிடமுள்ள எந்த வானலை வழியையும் பயன்படுத்துவதை அவ்விதிகளில் எதுவும் தடை செய்யாது. அதாவது, தனிமனிதரின் அவசரம் விதிக்கு மேற்பட்டது. அலைவரிசை பற்றிய பன்னாட்டுச் சிந்தனை இந்த விதிவிலக்கை அடித்தளமாகக் கொண்டே வளர்ந்தது.

2. தேடிக் கண்டடையாத விமானங்கள்

கப்பலில் தந்தியாளர் இருந்தார். சிறு விமானம் மலையில் மோதினால் செய்தி அனுப்ப யார் இருப்பார்? 1967இல் கலிஃபோர்னியாவின் வடக்கு மலைகளில் ஒரு குடும்பத்தின் விமானம் விழுந்தது. பல மாதங்களுக்குப் பிறகு சிதைவுகள் கிடைத்தபோது, உடன் கிடைத்த நாட்குறிப்பு ஓர் உண்மையைச் சொன்னது. விபத்துக்குப் பின் ஏறத்தாழ இரண்டு மாதங்கள் அவர்களில் இருவர் உயிருடன் இருந்திருக்கின்றனர். 1972 அக்டோபரில் அலாஸ்காவில் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களான ஹேல் பாக்ஸ், நிக் பெகிச் ஆகியோர் சென்ற விமானம் மறைந்தது. 39 நாட்கள் பெருந்தேடல் நடந்தும் இன்றுவரை அது கிடைக்கவில்லை. இத்தகைய நிகழ்வுகளின் அழுத்தத்தால், மோதியவுடன் தானே குறிகை அனுப்பும் கருவி சிறு விமானங்களில் கட்டாயமாக்கப்பட்டது.

ஆனால் அக்குறிகையைக் கேட்க அருகில் வேறொரு விமானம் பறந்தாக வேண்டும். இச்சிக்கலைத் தீர்க்கும் கொள்கை 1957இலேயே கிடைத்திருந்தது. ஸ்புட்னிக் அனுப்பிய ஒலியைக் கேட்டுக்கொண்டிருந்த வில்லியம் கையர், ஜார்ஜ் வைஃபன்பாக் என்னும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள், அதன் அதிர்வெண் மாறும் விதத்தைக் கொண்டே செயற்கைக்கோளின் பாதையைக் கணித்தனர். நம்மை நெருங்கி வரும் ரயிலின் ஊதல் உச்சத்தில் ஒலித்து, கடந்து சென்றதும் தாழ்கிறதல்லவா? அதே டாப்ளர் விளைவுதான். பாதையை அறிந்த செயற்கைக்கோளிலிருந்து கணக்கைத் தலைகீழாகப் போட்டால், தரையில் குறிகை எழுப்பும் இடத்தைக் கண்டுபிடிக்கலாம்.

இதனைச் செயற்படுத்தியது காஸ்பாஸ்-சார்சாட் அமைப்பு. சோவியத் ஒன்றியம், அமெரிக்கா, கனடா, பிரான்சு ஆகிய நான்கு நாடுகள் 1979இல், பனிப்போர் மீண்டும் இறுகிவந்த காலத்தில், இதற்காக உடன்பட்டன. 1982 ஜூன் 30 அன்று முதல் சோவியத் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் விழுந்த சிறு விமானத்திலிருந்து மூவர் மீட்கப்பட்டனர். காணாமற்போன வேறொரு விமானத்தைத் தேடிச் சென்றவர்கள் அவர்கள். சோவியத் செயற்கைக்கோள் கேட்ட குரலைப் பின்தொடர்ந்து கனடிய மீட்பர்கள் சென்றனர். அக்காலத்து அரசியலை அறிந்தவர்களுக்கு இதன் பொருள் விளங்கும்.

இந்தியா இவ்வமைப்பில் பின்தங்கியிருக்கவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். 1992இல் ஏவப்பட்ட இன்சாட்-2ஏ செயற்கைக்கோளிலேயே தேடல்-மீட்புக்கான 406 மெகாஹெர்ட்ஸ் கருவி இருந்தது. பெங்களூரிலும் லக்னோவிலும் தரைநிலையங்கள் அமைந்தன. குறிகைகளைப் பெற்று மீட்பு முகமைகளுக்கு அனுப்பும் இந்தியக் கட்டுப்பாட்டு மையம் பெங்களூரில் இஸ்ரோவின் இஸ்ட்ராக் வளாகத்தில் இயங்குகிறது.

3. அரசிடமிருந்து சந்தைக்கு

காஸ்பாஸ்-சார்சாட் கருவிகள் மூவகை: விமானத்துக்குரியது, கப்பலுக்குரியது, தனிமனிதருக்குரிய பி.எல்.பி. அமெரிக்காவில் மூன்றாம் வகையைப் பொதுமக்கள் நாடு முழுவதும் பயன்படுத்த 2003 ஜூலையில்தான் அனுமதி கிடைத்தது. இதற்குச் சந்தா இல்லை. வலுவான குறிகையைக் குறைந்தது 24 மணிநேரம் தொடர்ந்து அனுப்பும். செய்தி அரசின் மீட்பு மையத்துக்கே செல்லும். ஆனால் ‘ஆபத்து’ என்ற ஒரே சொல்லைத்தான் இக்கருவி அறியும். கால் முறிந்ததா, பனிச்சரிவில் சிக்கினாரா என்று சொல்லாது. தன் குரல் கேட்கப்பட்டதா என்பதும் அழைத்தவருக்குத் தெரியாது. ஐரோப்பாவின் கலிலியோ அமைப்பு 2020இல் தொடங்கிய மறுமொழிச் சேவைதான் இக்குறையைப் போக்க முற்பட்டது.

இவ்விடைவெளியில் வணிகம் நுழைந்தது. 66 செயற்கைக்கோள்களுடன் 1998 நவம்பரில் சேவையைத் தொடங்கிய இரிடியம், ஓராண்டுக்குள் திவாலாகிப் பின்னர் மிகக் குறைந்த விலைக்குக் கைமாறி உயிர்பிழைத்தது. 2007இல் குளோபல்ஸ்டார் செயற்கைக்கோள்களைக் கொண்டு ஸ்பாட் என்னும் சிறு கருவி வந்தது. 2011இல் இரிடியம் வழியாக இருவழிக் குறுஞ்செய்தி அனுப்பும் இன்ரீச் வந்தது; 2016இல் அதனைக் கார்மின் நிறுவனம் வாங்கியது. 2022 நவம்பரில் ஐஃபோனிலேயே செயற்கைக்கோள் அபாய அழைப்பு இடம்பெற்றது. முதலில் அமெரிக்காவிலும் கனடாவிலும்.

தொழில்நுட்ப வேறுபாடுகளில் ஒன்றை மட்டும் இங்கே விளக்குகிறேன். இன்மார்சாட், துராயா போன்றவை நிலநடுக்கோட்டுக்கு மேலே நிலையாக நிற்கும் செயற்கைக்கோள்களைச் சார்ந்தவை. இமயமலையில் நிற்பவருக்கு அவை தென்வானில் தெரியும். மலைமுகட்டின் வடசரிவிலோ குறுகிய பள்ளத்தாக்கிலோ முகடே அவற்றை மறைத்துவிடலாம். ஏறத்தாழ 780 கிலோமீட்டர் உயரத்தில் துருவங்களையொட்டிச் சுற்றும் இரிடியம் செயற்கைக்கோள்களோ ஒன்று மறைந்தால் மற்றொன்று எழும். ஆகவே மலைவாழ் களப்பணிக்கு எது பொருத்தம் என்று பொறியாளரைக் கேட்டால் ஒரு விடை சொல்வார். சட்டத்தைக் கேட்டால் நேர்மாறான விடை வரும்.

4. 1885, 1933, 2023

இந்தியத் தந்திச் சட்டம் 1885ஆம் ஆண்டிற்குரியது. 1857 கிளர்ச்சியின்போது தந்திக்கம்பி ஆட்சிக்கு எத்தகைய ஆயுதம் என்பதைக் கண்ட பேரரசு இயற்றியது. அதன் நான்காம் பிரிவு, தந்தியை நிறுவவும் நடத்தவும் அரசுக்கே தனியுரிமை என்றது. ஐந்தாம் பிரிவு, ‘பொது அவசரநிலை’ எழுந்தால் எந்தத் தந்தியையும் அரசு கைப்பற்றலாம், செய்திகளைத் தடுக்கலாம் என்றது.

1933ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டம் ஒரு படி மேலே சென்றது. உரிமமின்றிக் கருவியை ‘வைத்திருத்தலையே’ குற்றமாக்கியது. இதன் பின்னணி சற்று வியப்பானது. வானொலிப் பெட்டி வைத்திருந்தோர் உரிமக் கட்டணம் செலுத்தாமல் நழுவியதைத் தடுப்பது அதன் முதன்மை நோக்கங்களுள் ஒன்று. அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் வானொலி உரிமம் புதுப்பித்த நினைவு நம் தாத்தாக்களுக்கு உண்டு. அக்கட்டணத்தை வசூலிக்க எழுதப்பட்ட ‘வைத்திருத்தல்’ என்ற சொல்லே, தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகு விமான நிலையத்தில் மலையேறியின் பையைத் திறக்கச் செய்கிறது. 2024 டிசம்பரில் கோவா விமான நிலையத்தில் கனடா நாட்டவர் ஒருவர் இன்ரீச் கருவியை வைத்திருந்தமைக்காகத் தடுத்து நிறுத்தப்பட்டார். இந்தியாவில் உரிமமின்றிச் செயற்கைக்கோள் தொலைபேசி வைத்திருப்பது சட்டவிரோதம் எனப் பிரிட்டிஷ் அரசு தன் பயணிகளுக்கான அறிவுரையில் எச்சரிக்கிறது.

2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் இவ்விரு சட்டங்களுக்கும் மாற்றாக இயற்றப்பட்டது. அதன் பல பிரிவுகள் 2024 ஜூன் 26 முதல் நடைமுறைக்கு வந்தன. சொற்கள் மாறின. ஆனால் அவசரநிலையைப் பற்றிப் பேசும் இருபதாம் பிரிவைப் படியுங்கள். ‘பொது அவசரநிலை’ என்பதோடு ‘பேரிடர் மேலாண்மை உட்பட’ என்ற தொடர் சேர்ந்திருக்கிறது. அவசரத்தை உணர்பவரும் அறிவிப்பவரும் அரசே. அதிகாரம் பெறுவதும் அரசே.

மொழியியல் மாணவருக்கு இது சுவையான இடம். 1906இன் பன்னாட்டு ஒப்பந்தத்தில் ஆபத்து என்பது அழைப்பவருக்கு நேர்வது. 1885 மரபில் அவசரம் என்பது ஆள்பவருக்கு நேர்வது. தமிழிலும் ‘நெருக்கடி நிலை’ என்றதும் நம் நினைவுக்கு வருவது 1975தான். ‘ஆபத்துதவிகள்’ என்ற அழகிய பழஞ்சொல்கூடப் பாண்டிய அரசனின் மெய்க்காவலர்களைக் குறித்ததேயன்றி, வழியில் இடறி விழுந்த குடிமகனுக்கு உதவியோரைக் குறித்ததன்று.

5. அரசின் அச்சத்துக்கும் காரணம் உண்டு

இதை வெறும் காலனியப் பழக்கம் என்று ஒதுக்கிவிட முடியாது. இமயமலையில் வானலை எப்போதும் எல்லையோடு பிணைந்தது. 1953 மே 29 அன்று எவரெஸ்டின் உச்சி எட்டப்பட்ட செய்தி உலகை அடைந்த விதமே இதற்குச் சான்று. டைம்ஸ் இதழின் செய்தியாளர் ஜேம்ஸ் மோரிஸ், நாம்ச்சே பஜாருக்கு ஓட்டக்காரர் ஒருவர் மூலம் செய்தியை அனுப்பினார். அங்கே எல்லையைக் கண்காணித்த இந்திய நிலையமொன்றின் கம்பியில்லாத் தந்தி இருந்தது. வழியில் எவரும் அறிந்துவிடலாகாது என்பதால், தோல்வியைச் சொல்வதுபோல் தோன்றும் குறிமொழியில் வெற்றி எழுதப்பட்டிருந்தது. தந்தியடித்தவருக்கே தாம் அனுப்புவது என்னவென்று தெரியாது. குறிமொழிச் செய்திகளைக் கண்டு காவலர்கள் ஐயுறுவதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

2008 நவம்பர் 26 மும்பைத் தாக்குதலின் நினைவு இன்னும் கனமானது. கடல்வழி வந்த பத்துப் பேர் துராயா தொலைபேசியைப் பயன்படுத்தியிருந்தனர். அதன்பின் விதிகள் இறுகின. 2012இல் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்ககம், இந்தியக் கடற்பரப்பில் துராயா, இரிடியம் தொலைபேசிகளின் பயன்பாட்டைத் தடை செய்து ஆணையிட்டது. இன்மார்சாட் மட்டும் தப்பியது. அதன் அழைப்புகள் காஸியாபாதிலுள்ள தரைவாயில் வழியாகச் செல்வதால், சட்டப்படி கண்காணிக்க இயலும். 2017இல் பி.எஸ்.என்.எல். அதே வழியில் செயற்கைக்கோள் தொலைபேசிச் சேவையைத் தொடங்கியது. அதாவது, மலைக்கு ஏற்ற அமைப்பு விலக்கப்பட்டு, கண்காணிப்புக்கு ஏற்ற அமைப்பு ஏற்கப்பட்டது. அரசின் தருக்கத்தில் இது பிழையன்று. ஆயினும் அதற்குரிய விலையைப் பள்ளத்தாக்கில் இருப்பவர் கொடுக்கிறார்.

6. கடலுக்குக் கிடைத்தது, மலைக்குக் கிடைக்கவில்லை

பாதுகாப்புக்கும் உயிர்காப்புக்கும் இடையே நடுவழி இல்லையா? இந்தியாவே ஒன்றைக் கண்டிருக்கிறது. மீனவர்களுக்காக இஸ்ரோ உருவாக்கிய அபாய எச்சரிக்கைக் கருவி 2010 முதல் பயன்பாட்டில் உள்ளது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவை வழங்கப்பட்டுள்ளன. தீ, படகு மூழ்குதல், மருத்துவ உதவி என முன்கூட்டியே வகுத்த செய்திகளை மட்டுமே அது அனுப்பும். இந்தியச் செயற்கைக்கோள் வழியாகப் பெங்களூர் மையத்துக்கும் அங்கிருந்து கடலோரக் காவற்படைக்கும் செய்தி செல்லும். உரையாட முடியாது, ஆகவே ஒட்டுக்கேட்க வேண்டிய தேவையும் இல்லை. 2024 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட இரண்டாம் தலைமுறைக் கருவி, ‘உங்கள் குரல் கேட்டது’ என்ற மறுமொழியையும் படகுக்குத் திருப்பியனுப்பும்.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் கன்னியாகுமரி, கேரள மீனவர்களை ஆழ்கடலில் அடித்துச் சென்றபோது, கரையிலிருந்த குடும்பங்கள் எழுப்பிய கேள்வியும் இதுதான்: கடலிலிருந்தவர்களுக்கு ஏன் செய்தி எட்டவில்லை? அவர்களிடமிருந்து ஏன் செய்தி வரவில்லை? அத்துயரமும் அதைத் தொடர்ந்த போராட்டங்களும் கடல்சார் தகவல்தொடர்பைப் பேசுபொருளாக்கின. மீனவர் சமூகம் ஒருங்கிணைந்து கேட்டது, ஓரளவேனும் பெற்றது.

மலையேறுவோரும் ஆடுமேய்ப்போரும் வழிகாட்டிகளும் களப்பணியாளரும் அவ்வாறு ஒரு குரலாக இல்லை. 2024 ஜூனில் உத்தரகாசியின் சகஸ்த்ரதால் பாதையில் பனிப்புயலில் சிக்கிய கருநாடகக் குழுவினரில் ஒன்பது பேர் இறந்தனர். வழிகாட்டி நடந்திறங்கி, அலைபேசிக் குறிகை கிடைக்கும் இடத்தை அடைந்த பிறகே செய்தி வெளியே வந்தது. பின்னர் ஹெலிகாப்டர்கள் வந்து எஞ்சியோரை மீட்டன. மீட்கும் ஆற்றல் இந்த நாட்டில் இருக்கிறது. கேட்கும் செயற்கைக்கோளும் தலைக்கு மேல் இருக்கிறது. இடையில் அறுந்து கிடப்பது, அழைக்கும் உரிமை என்ற ஒற்றைக் கண்ணி.

7. ஆகவே, எதைத் தேர்வது?

முதலாவதாக, வெளிநாட்டு நண்பர் பரிசளித்தாலும், இணையத்தில் மலிவாகக் கிடைத்தாலும், இன்ரீச், இரிடியம், துராயா கருவிகளை உரிய அனுமதியின்றிக் கொண்டுவராதீர்கள்; பயன்படுத்தாதீர்கள். ‘உயிர்காக்கும் கருவி’ என்ற வாதம் நீதிமன்றத்தில் பின்னர் எடுபடலாம். சோதனைச் சாவடியில் எடுபடாது. எல்லைப் பகுதியில் அந்நியராக, கையில் ஒலிப்பதிவுக் கருவியோடு சுற்றும் ஆய்வாளருக்கு இந்த ஐயம் இன்னும் எளிதாக ஒட்டும். உங்களுக்கு இடமளித்த ஊராரையும் அது பாதிக்கும்.

இரண்டாவதாக, அனுமதி பெற்ற வழிகளை மாணவர் தனியாக நாடுவதைவிடத் துறை நாடுவதே முறை. பி.எஸ்.என்.எல். செயற்கைக்கோள் தொலைபேசியைத் தொலைத்தொடர்புத் துறையின் முன்னனுமதியோடு நிறுவனம் பெற்று, களப்பணிக் குழுக்களுக்குச் சுழற்சி முறையில் வழங்கலாம். அதைப் பயன்படுத்தும்போது தென்வானம் திறந்த இடத்தைத் தேட வேண்டும் என்பதையும் கற்பிக்க வேண்டும். பி.எல்.பி. வகைக் கருவியைப் பற்றி எண்ணினால், உரிமம் குறித்து எழுத்துவழித் தெளிவு பெறுங்கள். 406 மெகாஹெர்ட்ஸ் கருவியின் பதிவை மறவாதீர்கள். பதிவில்லாத கருவியின் குரல் கேட்கும், ஆனால் அது யாருடைய குரல் என்பது தெரியாது.

மூன்றாவதாக, கருவி இல்லாத நிலையில் பழைய முறைகளுக்கு மதிப்புக் கொடுங்கள். புறப்படும் முன் பாதையையும் திரும்பும் நாளையும் எழுத்தில் விட்டுச் செல்வது, குறித்த நேரம் தவறினால் யார் யாரை அழைப்பது என்று முன்பே வகுத்துக்கொள்வது, அருகிலுள்ள காவல் நிலையம், மாநிலப் பேரிடர் மீட்புப் படை, இந்தோ-திபெத்திய எல்லைக் காவற்படை முகாம் ஆகியவற்றின் இருப்பிடங்களை அறிந்துவைப்பது. இவை எந்த உரிமமும் கோராதவை.

நான்காவதாக, நம் பல்கலைக்கழகங்களின் களப்பணி விண்ணப்பங்களில் ‘அவசரத் தொடர்பு எண்’ என்றொரு கட்டம் இருக்கிறது. பெரும்பாலும் தந்தையின் எண்ணை எழுதுகிறோம். விழுந்து கிடக்கும் இடத்திலிருந்து அந்த எண்ணை எப்படி அழைப்பது என்று எந்தப் படிவமும் கேட்பதில்லை. ஆய்வு நெறிக் குழுக்கள் தகவலாளியின் பாதுகாப்பைக் கேட்பதுபோல ஆய்வாளரின் பாதுகாப்பையும் கேட்க வேண்டும். மீனவர் கருவியைப் போன்ற, உரையாட இயலாத, நாட்டின் செயற்கைக்கோளையே சார்ந்த அபாயக் கருவியொன்றை மலைப்பகுதிகளுக்கும் அனுமதிக்குமாறு கல்வி நிறுவனங்களும் மலையேற்ற அமைப்புகளும் கூடிக் கேட்கலாம். பாதுகாப்பு குறித்த அரசின் அச்சத்துக்கு அதில் பெரும்பாலும் இடமில்லை.

இமயமலைக் களப்பணியில் அனுபவமுள்ளோர், குறிப்பாகத் துறை வழியாக அனுமதி பெற்றுச் செயற்கைக்கோள் தொலைபேசியைப் பயன்படுத்தியவர்கள், விண்ணப்பித்த முறையையும் எடுத்துக்கொண்ட காலத்தையும் பின்னூட்டத்தில் எழுதினால் இவ்வாண்டு புறப்படும் மாணவர்களுக்குப் பயன்படும்.